கழுவாத ஒன்பது கோடுகள்

முதலில் போனது உப்பு.

எனெய்டா கொடுத்தனுப்பிய கறுப்பு பீன்ஸை ஒரு வாய் வைத்த டாமசா, தம்பி பெண்டாட்டி துக்கத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள் என்று நினைத்து மேலே ஒரு சிட்டிகை தூவிக்கொண்டாள். அப்போதும் சப்பென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டாள். விரலை நக்கினால் உப்பு உப்பாகத்தான் இருக்கிறது; பீன்ஸில் விழுந்ததும் மண்ணாகிவிடுகிறது. மறுநாள் அவளுடைய சொந்த அடுப்பிலும் அதே கதை. சோறு, வேகவைத்த சர்க்கரைவள்ளி, முட்டை, எதிலும் உப்பு ஏறவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் தான் புதிதாகப் போட்ட படத்தைச் சாய்த்து வைத்திருந்தாள்.

யாருக்கு உப்பில்லாமல் சமைப்பது என்று சான் கயெத்தானோ ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். செத்தவர்களுக்கு வைக்கிற தட்டில் மட்டும்தான் உப்புப் போடமாட்டார்கள். டாமசாவுக்கும் அது ஞாபகம் வந்தது. வந்ததும் தலையை உதறிக்கொண்டு, கடையில் இந்தத் தடவை கலப்பட உப்புக் கொடுத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிப் பார்த்தாள். எங்கள் உப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

டாமசா படம் போடுகிறவள். படித்து வந்த வேலை இல்லை. விவரம் தெரிந்த வயதில் கரும்புக் காட்டுக்குள் போனவள், கை மரத்துப் போகிற அளவு வெட்டினாள். அதற்கப்புறம் சர்க்கரை ஆலைக்குள் ஒரு வேலை கிடைத்தது, கரும்பு ஏற்றும் ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதும் வேலை. சிவப்புப் பெட்டியில் கறுப்பு எண். வெயிலில் தகரம் கொதிக்கும். தூரிகை வழுக்கினால் மேஸ்திரி அம்மாவையும் சேர்த்துத் திட்டுவான். அங்கே பழகின கைதான். எண் எழுதிய கை, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கண் போட்டது, ஒரு கொம்பு போட்டது. ஆலையை மூடி இரும்பையெல்லாம் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, மிச்சமிருந்த வண்டி பெயின்ட் டப்பாக்களை அவள் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். துணி வாங்க வழியில்லை, சர்க்கரைச் சாக்கைப் பிரித்துப் போட்டாள். சாக்கில் பூசுகிற வஜ்ரப் பசை மாட்டுக் குளம்பைக் காய்ச்சி எடுத்தது. வெள்ளை கிடைக்காத நாட்டில் வெள்ளைக்கு முட்டையோட்டை இடித்துக்கொண்டாள். படத்தின் மூலையில் டாமசா என்று மட்டும் எழுதுவாள். குடும்பப் பெயர் அவளுடைய முப்பாட்டனை விலைக்கு வாங்கினவன் பெயர். அவனுக்கு எதற்கு ஓசியில் விளம்பரம் என்பாள்.

சாக்கும் குளம்பும் கொண்டுவந்து கொடுத்தது தம்பி பிலிபெர்த்தோ. மாட்டு வண்டிக்காரன். சின்ன வயதில் வண்டிச் சங்கிலி ஒன்று அவனுடைய இடது காதில் பாதியை அறுத்துக்கொண்டு போயிருந்தது. மத்தியானத்தில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, காபி குடித்துக்கொண்டே அக்காளைச் சீண்டுவான்.

"ஊர்ல இருக்கிற சாமி, பேய், ரயிலு எல்லாத்தையும் போட்டாச்சு. என்னை எப்பத்தான் போடுவே, கறுப்பி?"

"உன்னைப் போட்டா சாக்குக்குக் கேடு."

"போடும்போது காதை முழுசாப் போட்டுடு. காசா பணமா."

அவள் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். கொள்ளை வெயிலடித்த ஒரு நாளில், பக்கத்து ஊர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனபோது, மதகில் வண்டி குடை சாய்ந்தது. கரும்புக் கட்டுகளைத் தூக்கி எடுத்தபோது அவன் முகம் முகமாக இல்லை. மாடுகள் இரண்டும் கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

ஒன்பதாம் நாள் காரியம் டாமசாவின் பின்கட்டில் நடந்தது. நடத்தினவன் பசிலியோ. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது அவன் தொழில். செத்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புவது அப்பன் வழியில் வந்த பொறுப்பு. முட்டையோட்டு வெள்ளைக்கட்டியால் சிமெண்டுத் தரையில் ஒரு வளைவு கீறினான். அதற்குள் ஒன்பது கோடுகள். மேலே ஒரு கூரை ஓடு, உப்பில்லாத சோறு, காபி, சுருட்டு, மெழுகுவர்த்தி. கம்பால் தரையைத் தட்டித் தட்டிப் பிலிபெர்த்தோவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அவனுக்கு முன்னால் போனவர்களையும் கூப்பிட்டான். முடிந்ததும் சோற்றை எடுத்துக்கொண்டு ஆண்கள் காட்டுப் பக்கம் போனார்கள். தரையைக் கழுவ வேண்டியது கூடப்பிறந்த ரத்தம். தண்ணீரை ஊற்றித் தேய்த்து, அந்தத் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வரவேண்டும்.

வாளியோடு நின்ற டாமசா கோடுகளைப் பார்த்தாள். மெழுகு சிந்தியிருந்தது, காபி ஓரத்தில் ஊறியிருந்தது, கம்பு பட்ட இடத்தில் வெள்ளை தெறித்திருந்தது. அந்த வளைவு வேறெதுவும் இல்லை, நுகத்தடி. ஒன்பது கோடும் விலா எலும்பு. அவளாக யோசித்துப் போட்டால் ஒரு வருஷம் ஆகும், இப்படி வராது. இதில் தண்ணீரை ஊற்றவேண்டுமாம்.

வஜ்ரம் பூசிய சாக்கு ஒன்று கொடிக்கு அடியில் அரை ஈரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் கோடுகளின்மேல் கவிழ்த்தாள். கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாள். ஓரத்தைப் பிடித்து உரித்தபோது ஒரு துகள்கூட மிச்சமில்லாமல் எல்லாம் சாக்கில் ஏறியிருந்தது. தரை நாய் நக்கினதுபோலச் சுத்தம். வாளித் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு வாசலுக்குப் போனாள். சுத்தமாகிவிட்டதா என்று, காட்டிலிருந்து திரும்பி வந்த பசிலியோ கேட்டான். ஆகிவிட்டது என்றாள். பொய் இல்லையே.

படம் ஒரு வாரத்தில் முடிந்தது. அவள் போட்ட எதுவும் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. கை போகிற இடத்துக்கு அவள் பின்னால் போனாள், அவ்வளவுதான். சிவப்பு மண், நுகத்தடியின் கீழே ஒரு ஆள், ஒன்பது விலா எலும்பு. முகம் வரவில்லை, வெள்ளையாக விட்டுவிட்டாள். காதை மட்டும் வண்டி பெயின்டில் கறுப்பாகப் போட்டாள். முழுசாகப் போட நினைத்துத் தூரிகையை வைத்தாள், பாதியில் தூரிகை நின்றுவிட்டது. மேலே இரண்டு பூச்சு வஜ்ரம். எல்லாம் காய்ந்தது, வெள்ளை மட்டும் காயவில்லை. காலையில் தொட்டால் வேர்த்த தோலைத் தொட்டதுபோல ஈரமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹவானாவிலிருந்து மொன்டால்வான் அம்மாள் வந்தாள். பெரிய காட்சிக்கூடம் ஒன்றுக்குப் படம் தேடி ஊர் ஊராகச் சுற்றுகிறவள். டாமசாவின் ஆயுள் வேலை முழுக்கச் சுவரோரம் அடுக்கியிருந்தது. அதையெல்லாம் மரியாதைக்குப் பார்த்துக்கொண்டே வந்தவள் இந்தச் சாக்கின் முன்னால் நின்றாள். நின்றவள் அசையவில்லை. முகம் எங்கே என்று மெதுவாகக் கேட்டாள். வரவில்லை என்றாள் டாமசா. வேண்டாம், இப்படியே இருக்கட்டும், இதற்குத் தனிச் சுவர் தருகிறேன், வியாழக்கிழமை லாரி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தனிச் சுவர். ரயில் பெட்டிக்கு எண் எழுதினவளுக்கு. டாமசா அன்றைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலிபெர்த்தோவின் மாடுகளை இப்போது ஒன்றுவிட்ட தம்பி ரமோன் ஓட்டுகிறான். லுசேரோ, கலான் என்று பெயர். மத்தியானத்தில் டாமசாவின் வாசலுக்கு வந்ததும் இரண்டும் நின்றுவிடும். பழக்கம் விடவில்லை என்று ரமோன் முதலில் சிரித்தான். ஒரு காபி குடிக்கிற நேரம் நிற்கும், அப்புறம் தானாகக் கிளம்பும். ஒரு நாள் டாமசா கவனித்தாள். கிளம்புவதற்கு முன்னால் கலான் கழுத்தை நீட்டித் தலையைச் சாய்த்தது, கொம்புக்கு நடுவில் யாரோ சொறிந்துவிடுகிறபோது சாய்க்கிறதுபோல. அந்த இடத்தில் மயிர் படிந்து நிமிர்ந்தது. ரமோன் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவனும் பார்த்தான். அன்றிலிருந்து அவன் சிரிக்கவில்லை. ஆலை நின்ற இடத்திலிருந்து, அடுப்பே இல்லாத இடத்திலிருந்து, பாகு தீய்கிற வாசம் வெயிலோடு வந்துகொண்டிருந்தது.

எனெய்டாவைப் பார்க்கப் போனாள். மேஜையில் இரண்டு தட்டு. எனெய்டா பாதியாகியிருந்தாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது, ஆனால் முகத்தில் துக்கம் இல்லை. தலை வாரி, மஞ்சள் ரிப்பன் கட்டி, புதுப்பெண் மாதிரி இருந்தாள்.

"அவரு வர்றாரு அக்கா" என்றாள், காய்கறி விலை சொல்கிறதுபோல. "மத்தியானத்துல. உங்க கிட்ட சொன்னா பயப்படுவீங்கன்னு சொல்லல."

"யாரு எனெய்டா?"

"உங்க தம்பிதான், வேற யாரு. அதிகம் பேசறதில்ல. முன்னயும் வீட்ல என்னத்தப் பேசினாரு? நேத்து முதுகைச் சொறியச் சொன்னாரு. முதுகுல ஏதோ சாக்கு ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குதாம். சொறிஞ்சு பாத்தேன். வரல."

விரல்களை நீட்டினாள். நகத்துக்கடியில் சணல் நாரும் வெள்ளைத் தூளும் இருந்தன. அவள் ஒரு நாளும் டாமசாவின் படங்களைத் தொட்டவள் இல்லை. பெயின்ட் வாசம் தலைவலி என்று அந்தப் பக்கமே வரமாட்டாள்.

டாமசா நேராகப் பசிலியோவின் கடைக்குப் போனாள். அவன் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அவன் தலையைத் தூக்கவில்லை. தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது.

"அப்போ தரையில தண்ணியே படல."

"படல."

"சுத்தமாச்சான்னு கேட்டேன். ஆச்சுன்னு சொன்னே."

"சுத்தமாத்தானே இருந்துச்சு."

"அது என்ன அழுக்கா, சுத்தம் பண்றதுக்கு? அது பாய், டாமசா. செத்தவன் வந்து உக்கார்றதுக்கு விரிக்கிற பாய். தின்னு முடிச்சதும் தண்ணிய ஊத்தினா எழுந்து போயிடுவான். அவன் உக்காந்திருக்கும்போதே நீ பாயோட சுருட்டிட்டே." ட்யூபை வெளியே எடுத்து உதறினான். "மேல என்ன பூசினே?"

"வஜ்ரம். ரெண்டு பூச்சு."

"நல்லா ஒட்டியிருக்கே. என் பஞ்சரை விட நல்லா ஒட்டியிருக்கே."

என்ன செய்வது என்று கேட்டாள். கழுவு என்றான். குளம்பு வஜ்ரம் தண்ணீருக்கு நிற்காது. கழுவினால் எல்லாம் போய்விடும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"கழுவாட்டி?"

"எனெய்டா அவன்கூட உக்காந்து உப்பில்லாம தின்றா இல்ல? பந்தியில உக்காந்தாச்சு. பந்தி முடிஞ்சா அவன்கூடவே எழுந்திரிப்பா. அதுக்கப்புறம் சுவருக்கு உன் பக்கம் யாரு இருக்கா, பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்து படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் தண்ணீர் வாளியை வைத்தாள். வாளி அங்கேயே இருந்தது. வியாழக்கிழமை வரைக்கும் இருந்தது. அதற்குள் அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். படம் எங்கே போகிறதோ, அவனும் அங்கே போவான். ஹவானாவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன்தான், கடைசிவரை மதகைத் தாண்டவில்லை. தனிச் சுவரில், மின்விசிறிக்குக் கீழே, நல்ல சட்டை போட்டவர்கள் பார்க்க நிற்கட்டுமே. இங்கே எனெய்டாவுக்கு உப்பு திரும்பிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

லாரி மத்தியானம் வந்தது. மொன்டால்வான் அம்மாள் தானே வந்திருந்தாள். டிரைவரும் இன்னொருவனும் படத்தை வெளியே எடுத்தார்கள். டிரைவர் முனகினான்.

"என்னம்மா, சாக்குன்னு சொன்னீங்க, உள்ள ஆள் இருக்கிற கனம் கனக்குது."

ஏற்றிப் பக்கப் பலகையில் கட்டினார்கள். அப்போதுதான் எனெய்டா வந்தாள். கல்யாணத்துக்கு உடுத்தின வெள்ளைச் சட்டை, இப்போது அது அவள்மேல் கொடியில் தொங்குகிறதுபோல இருந்தது. கையில் ஒரு துணி மூட்டை. டிரைவரிடம் போய், பின்னால் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்றாள்.

எங்கே போகணும் என்று அவன் கேட்டான்.

"அவரு ஏறிட்டாரு. நான் இங்க உக்காந்து என்ன பண்றது?"

டிரைவர் மொன்டால்வான் அம்மாளைப் பார்த்தான். அவள் ஊர் வழக்கம் ஏதோ என்று நினைத்திருக்கவேண்டும், தலையசைத்தாள். அவன் எனெய்டாவை இடுப்பில் பிடித்து ஏற்றினான். ஏற்றிய கையோடு திகைத்து நின்றான். படத்தைத் தூக்கத் திணறினவன், இவளைக் காலிச் சாக்கைத் தூக்கிப் போடுகிறதுபோலப் போட்டுவிட்டான். எனெய்டா படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தோளை அதன்மேல் சாய்த்தாள். அவளுடைய சட்டையில் அந்த இடம் நனைந்தது. தெரு முனையில் லுசேரோவும் கலானும் வந்து நின்றன. வழக்கமான இடத்தில் இல்லை. லாரிக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு. ரமோன் இறங்கித் தள்ளி நின்றான்.

எஞ்சின் முடுக்கும் சத்தம் கேட்டது. டாமசா உள்ளே போனாள். வாளியை எடுத்தாள்.

லாரியின் பின்புறம் ஏறியதும் முதல் வாளித் தண்ணீரைப் படத்தின்மேல் வீசினாள். மொன்டால்வான் அம்மாள் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ரமோனை இன்னொரு வாளி கொண்டுவரச் சொன்னாள் டாமசா. அவன் கொண்டுவந்தான். சிவப்பு மண் முதலில் கரைந்தது, நுகத்தடி அடுத்துச் சரிந்தது. விலாக் கோடுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்கையால் தேய்த்தாள். கைக்கடியில் சூடு. சாக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஓடி வந்தவன் மூச்சு வாங்குகிறதுபோல. ஒவ்வொரு கோடாகத் தேய்த்தாள். எனெய்டா அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தாள், நகத்தால் கீறினாள். இழுக்கிற கைக்குப் பலம் இல்லை.

"விடுங்க அக்கா. அவருக்கு வலிக்குது."

"தெரியுது" என்றாள் டாமசா. நிறுத்தவில்லை.

கடைசிக் கோடு போனபோது சாக்கு அசைவதை நிறுத்தியது. வெறும் ஈரச் சாக்கு. லாரிப் பலகையில் தேங்கிய வெள்ளைத் தண்ணீரை வாளியில் வழித்து, நடுத்தெருவில் கொட்டினாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். பின்னால் மொன்டால்வான் அம்மாளின் குரல் உடைந்து கேட்டது. இது என்ன பைத்தியக்காரத்தனம், இனிமேல் உங்களுக்காக நான் எப்படிப் பேசுவேன் என்றாள். நியாயம்தான். ரமோன் எனெய்டாவையும் சாக்கையும் இறக்கியதும் லாரி காலியாகப் போனது. மாட்டு மணிச் சத்தமும் கேட்டது, வாசலைத் தாண்டி, நிற்காமல்.

சாக்கைக் கொடியில் போட்டது ரமோன். காய்ந்த பிறகு பார்த்தால் முழுக்க வெறும் சணல் நிறம். வண்டி பெயின்டில் போட்ட பாதிக் காது மட்டும் போகவில்லை. அது எண்ணெய் பெயின்ட், தண்ணீருக்கு அசையாது. டாமசா வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பேச்சு கேட்கிற தூரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

எனெய்டாவை அவள் வீட்டு மேஜைக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தாள். காலையில் எனெய்டா வைத்த பீன்ஸ் அடுப்பில் இருந்தது. ஒரு தட்டுதான் எடுத்தாள். எனெய்டா எழுந்து போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்தாள். டாமசா அதை வாங்கித் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

எனெய்டா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது. தரையில் துப்பினாள். ஏறாத உப்பை ஏற்றப் பார்த்து, கை கையாக அள்ளிப் போட்டிருந்தாள்.

"கரிக்குது" என்றாள். அப்புறம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காரியத்தன்றுகூட அவள் அழவில்லை.

டாமசா தன் தட்டிலிருந்து சாப்பிட்டாள். நாக்கு வெந்தது, கண்ணில் நீர் வந்தது. மிச்சம் வைக்காமல் முழுதும் சாப்பிட்டாள்.